போர்டு உயிர் பெறவில்லையா? அயர்னைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

சர்க்யூட் போர்டில் பாகங்கள் எல்லாவற்றையும் சால்டர் செய்து பொருத்தி முடித்தாயிற்று. பவர் கொடுத்தால் எல்இடி எரியவில்லை. அல்லது எரிகிறது, போர்டை லேசாகத் தட்டினால் அணைகிறது. இந்த நேரத்தில் கை தானாகவே சால்டரிங் அயர்னை நோக்கிப் போகும். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் இன்னும் கொஞ்சம் ஈயம் வைத்துப் பார்ப்போமே என்று தோன்றும்.

அதை மட்டும் செய்யாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு எல்லா இணைப்புகளையும் மறுபடி சுட்டால், கோளாறு எங்கே இருந்தது என்ற தடயமே அழிந்துபோகும். தற்செயலாகச் சரியானாலும் ஏன் சரியானது என்று தெரியாது. அதோடு, ஒவ்வொரு முறை சூடு ஏறும்போதும், பாகத்தின் கால் உட்காரும் செம்புத் திட்டான பேடைப் போர்டோடு பிடித்திருக்கும் பிசின் கொஞ்சம் தளர்கிறது. ஒரு கோளாறைத் தேடப் போய் மூன்று கோளாறை உண்டாக்கிவிட்டு எழுந்திருப்போம். ஆரம்ப காலத்தில் நான் கெடுத்த போர்டுகளில் பாதிக்கு மேல் இப்படிக் கெட்டவைதான்.

ஈயம் எப்படிப் பிடிக்கிறது

சால்டரிங்கைப் பசை ஒட்டுவதுபோல நினைத்துக்கொண்டால் கடைசிவரை குழப்பம்தான். உருகிய ஈயத்தில் இருக்கும் வெள்ளீயம், சூடான செம்போடு சேர்ந்து மிக மெல்லிய ஒரு கலப்பு அடுக்கை உண்டாக்குகிறது. அந்த அடுக்குதான் பிடிப்பு. அது உண்டாக வேண்டுமானால் செம்பு ஈயத்தை உருக்கும் அளவுக்குச் சூடாக இருக்க வேண்டும். மேலே ஆக்சைடு படலம் இல்லாமலும் இருக்க வேண்டும். படலத்தை நீக்குவது பிளக்ஸின் வேலை. ஆக, எந்தக் கோளாறைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: சூடு போதவில்லையா, சுத்தம் போதவில்லையா? பத்தில் எட்டு தடவை விடை இதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

ஈயம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் வழக்கமான கம்பியில் இருப்பது வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த கலவை. 63 சதவீதம் வெள்ளீயமும் 37 சதவீதம் காரீயமும் உள்ள கலவை 183 டிகிரி செல்சியஸில் சட்டென்று உருகும், சட்டென்று உறையும். 60-க்கு 40 கலவை உறையும்போது நடுவில் கொஞ்ச நேரம் களிபோல நிற்கும். அந்த நேரத்தில் பாகம் அசைந்தால் இணைப்பு கெட்டுவிடும். அதனால் புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது 63-க்கு 37 கலவைதான். காரீயம் இல்லாத கலவைகளில் அதிகம் புழங்குவது எஸ்ஏசி 305. அதில் வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளியும் 0.5 சதவீதம் செம்பும் இருக்கும். உருக 217 முதல் 220 டிகிரி வேண்டும். கையில் இருக்கும் கம்பி எது என்று தெரியாமல் சூட்டை முடிவு செய்ய முடியாது. சுருளில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடுங்கள்.

நல்ல இணைப்பு எப்படி இருக்கும்

தாமரை இலைத் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். எங்கும் ஒட்டாமல் உருண்டு நிற்கும். கெட்ட இணைப்பில் ஈயம் அப்படித்தான் நிற்கும். பேடின் மேல் குண்டாக உட்கார்ந்திருக்கும், ஓரம் உள்பக்கமாக மடிந்திருக்கும். நல்ல இணைப்பிலோ ஈயம் துடைத்த கண்ணாடிமேல் தண்ணீர் பரவுவதுபோலப் பரவி, ஓரத்தில் மெலிந்து பேடோடு கலந்துவிடும். பாகத்தின் காலை ஒட்டி மேலே ஏறும்போது பக்கங்கள் சற்றே குழிந்திருக்கும். உள்ளே இருக்கும் காலின் உருவம் வெளியே தெரியும். ஈயம் உருண்டையாகக் காலையே மூடிவிட்டிருந்தால், உள்ளே பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. ஈயம் அதிகமாக இருந்தால் இணைப்பு உறுதி என்று நினைப்பது தப்பு.

பளபளப்பை நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள். காரீயம் கலந்த ஈயத்தில் நல்ல இணைப்பு மின்னும், கெட்டது மங்கும். அது ஓரளவு சரியான அடையாளம். காரீயம் இல்லாத ஈயம் நன்றாகப் பிடித்திருந்தாலும் இயல்பாகவே மங்கலாகவும் சற்றுச் சொரசொரப்பாகவும் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து, நல்ல இணைப்பை நாலு தடவை சுட்டுக் கெடுப்பவர்கள் நிறைய.

தேடும் முறை

முதலில் பவரைக் கழற்றுங்கள். பெரிய கெபாசிட்டர்கள் இருந்தால் அவற்றில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிட்டதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு பிளக்ஸ் கறையைத் தேய்த்துக் கழுவுங்கள். பழுப்புக் கறைக்கு அடியில் விரிசலும் ஒளிந்திருக்கும், மயிரிழை போன்ற ஷார்ட்டும் ஒளிந்திருக்கும். கழுவாமல் பார்ப்பது வீண்.

காய்ந்த பிறகு 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுங்கள். விளக்கை நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் விரிசல்களின் நிழல் தெரியும். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகப் பாருங்கள். அங்கும் இங்குமாகக் கண்ணை ஓட்டினால் கண் தனக்குப் பிடித்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கும். சந்தேகப்பட்ட இடங்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் அயர்ன் சூடாக வேண்டாம்.

அப்புறம் மீட்டர். சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். முதலில் குறைவாகக் காட்டி மெல்ல ஏறினால் அது கெபாசிட்டர் நிரம்புவது, பயப்பட வேண்டாம். ஏறாமல் சுழியத்தை ஒட்டியே நின்றால் ஷார்ட் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பெரிய பிராசசர்களின் உள்பகுதிக்கு மின்சாரம் தரும் கோர் சப்ளையில் இயல்பாகவே சில ஓம் மட்டுமே காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கன்டின்யூட்டி, அதாவது இரண்டு இடங்களுக்கு நடுவே தொடர்பு இருக்கிறதா என்று, பார்க்கும்போது எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஐசியின் (பல கால்கள் உள்ள சிப்) கால் பேடில் உட்காரும் இடத்திலேயே மீட்டரின் ஊசிமுனையான புரோபை அழுத்தி வைப்பார்கள். பீப் அடிக்கும், சரி என்று அடுத்த காலுக்குப் போவார்கள். உண்மையில் அந்தக் கால் பேடில் ஒட்டியே இருக்காது. புரோபின் அழுத்தம்தான் அதைப் பேடில் தொட வைத்திருக்கும். புரோபை எடுத்ததும் தொடர்பும் போய்விடும். எனவே ஒரு புரோபைக் காலின் மேல் வளைவில், அழுத்தம் கொடுக்காமல் தொடுங்கள். இன்னொன்றை, அந்தக் காலிலிருந்து போர்டில் ஓடும் செம்புக் கோடான டிராக் போய்ச் சேரும் மறுமுனையில் வையுங்கள். இன்னொரு விஷயம்: பல மீட்டர்கள் சில பத்து ஓம் இருந்தாலும் பீப் அடித்துவிடும். சத்தத்தை மட்டும் கேட்காமல் திரையில் இருக்கும் எண்ணையும் பாருங்கள்.

டிரை சால்டர்

பழுது பார்ப்பவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல் இது. ஈயம் இருக்கும், பார்க்க ஒட்டியிருப்பதுபோலவும் தோன்றும், மின்சாரம் மட்டும் போகாது. அல்லது போய்ப் போய் வரும். காரணங்கள் பல. ஈயத்தை அயர்னின் முனையான டிப்பில் உருக்கி எடுத்துப் போய் பேடில் தடவியிருப்பார்கள். அதற்குள் பிளக்ஸ் புகையாகிப் போயிருக்கும். கால் மட்டும் சூடாகி பேடு சூடாகாமல் இருந்திருக்கும். உறையும்போது பாகம் அசைந்திருக்கும். பல வருடம் டப்பாவில் கிடந்து கறுத்த கால்களாக இருக்கும்.

சரிசெய்யும் வழி ஒன்றுதான். அந்த இடத்தில் புது பிளக்ஸ் ஒரு துளி. டிப்பின் நுனியை அல்ல, தட்டையான பக்கத்தைப் பேடும் காலும் ஒரே சமயத்தில் தொடும்படி வையுங்கள். ஒரு விநாடி கழித்து ஈயக் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுங்கள். கம்பி டிப்பைத் தொடாமல் பேடைத் தொட்டே உருகினால் சூடு சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை எடுங்கள். மொத்தம் 2, 3 விநாடி. உறையும் வரை போர்டை அசைக்கவும் வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம்.

இதில் அடங்காத முரட்டுப் பிள்ளை கிரவுண்ட் கால். கிரவுண்ட் பேடைச் சுற்றி விரிந்திருக்கும் செம்புப் பரப்பு, நீங்கள் கொடுக்கும் சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். நன்றாக வடிவமைத்த போர்டில் பேடையும் பரப்பையும் நாலு மெல்லிய பாலங்கள் மட்டும் இணைக்கும். சூடு அவ்வளவு சீக்கிரம் ஓடாது. அந்தப் பாலங்கள் இல்லாத போர்டு ஒன்று ஒரு நாள் மாலை முழுவதையும் தின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பவர் சாக்கெட்டின் கிரவுண்ட் கால். மேலிருந்து பார்த்தால் அழகான கூம்பு. சூட்டை 350-லிருந்து 400, 450 என்று ஏற்றிக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் பிளக்ஸ் நொடியில் கருகியது, டிப் கறுத்தது, ஈயம் பிடிக்கவில்லை. போர்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, துளைக்குள் பாதி தூரம்கூட ஈயம் இறங்கவில்லை. தரமான வேலையில் துளையின் ஆழத்தில் 75 சதவீதமாவது ஈயம் நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள்.

கோளாறு சூட்டின் அளவில் இல்லை, சூடு போய்ச் சேரும் வேகத்தில் இருந்தது. ஊசிபோன்ற டிப்பைக் கழற்றிவிட்டு 3 மில்லிமீட்டர் அகல உளி டிப்பைப் போட்டேன். சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவியை வைத்து அடிப்பக்கத்தை 100 டிகிரி அளவுக்கு முன்கூட்டியே சூடாக்கினேன். பிறகு 350 டிகிரியிலேயே ஈயம் துளைக்குள் இறங்கி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. உருகிய ஈயம் சூடு இருக்கும் திசைக்குத்தான் ஓடும். பேடு சூடாக இல்லாவிட்டால் அது டிப்போடே திரும்பி வந்துவிடும்.

சிறிது நாள் வேலை செய்துவிட்டுப் பிறகு மக்கர் பண்ணும் போர்டில் வேறு மாதிரி கோளாறைத் தேட வேண்டும். சாக்கெட், டிரான்ஸ்பார்மர், பெரிய கெபாசிட்டர், ரிலே போன்ற கனமான அல்லது அடிக்கடி சூடாகும் பாகங்களின் கால்களை லென்ஸில் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வளையமாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் அது வளைய விரிசல். வெறும் கண்ணுக்கு எளிதில் தெரியாது. குறைந்த வோல்டேஜில் ஓடும் போர்டு என்றால், பவரில் இருக்கும்போதே பிளாஸ்டிக் குச்சியால் பாகங்களை ஒவ்வொன்றாக லேசாகத் தட்டிப் பார்க்கலாம்; எங்கே தட்டும்போது அணைகிறதோ அங்கே தேடுங்கள். மெயின்ஸ் மின்சாரம் நேராக வரும் போர்டில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். விரிசல் கண்ட இடத்தில் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஈயம் வைப்பதே நல்லது.

பக்கத்துக் கால்களுக்கு நடுவே பாலம்

ஐசியின் கால்கள் நெருக்கமாக இருந்தால் ஈயம் பாலம் போடுவது சகஜம். அதைச் சீவி எடுக்கக் கத்தியைத் தூக்காதீர்கள். முதலில் சர்க்யூட் படத்தை எடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துக் கால்கள் இரண்டும் ஒரே கிரவுண்டுக்குப் போவதுண்டு. அரை மணி நேரம் போராடிப் பிரித்த பிறகுதான், பச்சைப் பூச்சுக்கு அடியில் அவை இணைந்தே இருக்கின்றன என்று தெரிய வரும். சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும்.

உண்மையான பாலம் என்றால், கால்வரிசை முழுவதும் ஜெல் பிளக்ஸை தாராளமாகத் தடவுங்கள். டிப்பைச் சுத்தமாகத் துடைத்து, அதில் ஈயமே இல்லாமல், பாலத்தின் மேல் வைத்துக் கால்களின் நீளவாக்கில் வெளிப்பக்கம் இழுங்கள். வெறும் டிப் உபரி ஈயத்தை இழுத்துக்கொள்ளும். துடைத்துவிட்டு மறுபடி ஒரு இழுப்பு. இரண்டு மூன்று இழுப்பில் போகாவிட்டால் செம்புப் பின்னல் விக்கை பிளக்ஸில் நனைத்துப் பாலத்தின் மேல் வைத்து, அதன்மேல் டிப்பை வையுங்கள். ஈயம் பின்னலில் ஏறியதும் விக்கையும் டிப்பையும் சேர்த்தே தூக்குங்கள். டிப்பை முதலில் எடுத்துவிட்டால் விக் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் பேடும் கூடவே வரும்.

டிப்பும் பிளக்ஸும்

இணைப்பில் குறையே இல்லாமல் டிப்பில் குறை இருக்கலாம். கறுத்துப்போய், ஈயம் வைத்தால் உருட்டித் தள்ளும் டிப் சூட்டைக் கடத்தாது. திரையில் 350 என்று காட்டினாலும் பேடுக்கு அது போய்ச் சேராது. காரீயம் கலந்த ஈயத்துக்கு 320 முதல் 350, காரீயம் இல்லாததுக்கு 350 முதல் 380 டிகிரி பெரும்பாலும் போதும். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று பழமொழி. சால்டரிங் மேஜையில் மட்டும் இரண்டும் நல்ல கூட்டாளிகள். பித்தளைச் சுருளில் டிப்பைக் குத்தி எடுத்து உடனே புது ஈயம் பூசினால் டிப் பல மாதம் உழைக்கும். உப்புத்தாள், அரம் கொண்டு தேய்த்தால் மேலே இருக்கும் இரும்புப் பூச்சு போய்விடும். உள்ளே இருக்கும் செம்பை ஈயமே கரைத்துத் தின்றுவிடும்.

பேச்சில் பேஸ்ட் என்றால் இரண்டு பொருளைக் குறிக்கும். ஒன்று வெறும் பிளக்ஸ். இன்னொன்று ஈயத்தூள் கலந்த சால்டர் பேஸ்ட். கேட்டு வாங்கும்போது தெளிவாகச் சொல்லுங்கள். குழாய் வேலைக்கான அமில பிளக்ஸை மட்டும் போர்டின் பக்கமே கொண்டுவராதீர்கள். அன்றைக்கு அருமையாகப் பிடிக்கும். கொஞ்ச நாளில் டிராக்கைப் பச்சையாக அரித்துவிடும்.

புகை பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணில் ஏறும் புகை காரீயம் அல்ல, பிளக்ஸில் இருக்கும் ரெசின். ஆனாலும் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரைக்கும் கொண்டுபோகும், எனவே மின்விசிறியை வைத்துப் புகையை உங்கள் முகத்திலிருந்து விலக்குங்கள். காரீயம் உடம்புக்குள் போவது கைவழியாக. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள்.

பேடு பெயர்ந்துவிட்டால்

பதறவேண்டாம். பெயர்ந்த பேடிலிருந்து போகும் டிராக்கைக் கண்டுபிடித்து, அதன் மேலிருக்கும் பூச்சைக் கத்தி நுனியால் சில மில்லிமீட்டர் சுரண்டிச் செம்பை வெளிக்கொண்டு வாருங்கள். அதில் ஈயம் பூசி, மெல்லிய உறைக் கம்பியால் பாகத்தின் காலோடு இணைத்துவிடலாம். பல அடுக்குப் போர்டில் துளையின் உள்சுவர்ச் செம்பே உருவிக்கொண்டு வந்திருந்தால், உள் அடுக்குக்குப் போகும் தொடர்பும் அறுந்திருக்கும். படத்தைப் பார்த்து, அந்த டிராக் சேரும் இன்னொரு இடத்துக்குக் கம்பி இழுப்பதுதான் வழி.

பேஸ்ட் போட்டு ஓவனில் சுடும்போது

சின்ன ரெசிஸ்டரோ கெபாசிட்டரோ ஒரு முனையில் எழுந்து நின்றால், ஒரு பேடில் இருந்த பேஸ்ட் மற்றதற்கு முன்னால் உருகி, உருகிய ஈயத்தின் இழுவிசை பாகத்தைத் தூக்கியிருக்கிறது. இரண்டு பேடிலும் பேஸ்ட் சம அளவில் இருக்கிறதா, ஒரு பேடு மட்டும் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாகங்களைச் சுற்றிக் கடுகுபோல ஈய உருண்டைகள் சிதறியிருந்தால், பேஸ்ட்டில் ஈரம் ஏறியிருக்கலாம் அல்லது சூடு வெகு வேகமாக ஏறியிருக்கலாம். குளிரிலிருந்து எடுத்த பேஸ்ட் டப்பாவை உடனே திறக்காதீர்கள்; அறையின் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் மூடியே வையுங்கள். சூடு விநாடிக்கு 1 முதல் 3 டிகிரி வரை ஏறி, உருகும் நிலைக்குச் சற்று முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்று, பிறகு உச்சத்துக்குப் போக வேண்டும். எஸ்ஏசி 305-க்கு உச்சம் 235 முதல் 250 டிகிரி. பேஸ்ட் தயாரித்தவர் தரும் வரைபடம் கையில் இருந்தால் என் எண்களைவிட அதையே நம்புங்கள். வயிற்றுக்கு அடியில் பந்துகளாக இணைப்பு இருக்கும் ஐசிகளைக் கண்ணால் சோதிக்க முடியாது, எக்ஸ்ரேதான். புதியவர்கள் அதை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

மீதியெல்லாம் சில்லறைக் கோளாறுகள். ஈயம் கூர்முள்ளாக நீண்டு நின்றால் அயர்னை எடுக்கும் முன் பிளக்ஸ் தீர்ந்திருக்கிறது. பிளக்ஸ் தடவித் தொட்டு எடுத்தால் போதும். ஈயத்தில் ஊசித்துளை தெரிந்தால் போர்டில் ஈரம் இருந்திருக்கும். கழுவிய பிறகு வெள்ளைப் படலம் நின்றால் ஆல்கஹாலைப் புதிதாக மாற்றி இன்னொரு தடவை கழுவுங்கள்.

மறுபடி பவர் கொடுக்கும்போது

நேராகச் செருகிவிடாமல், கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் சப்ளை இருந்தால் அதில் கொடுங்கள். போர்டு இயல்பாக எடுக்கக்கூடிய கரன்ட்டைவிடச் சற்று மேலே எல்லையை வையுங்கள். கொடுத்த உடனே எல்லையைத் தொட்டு வோல்டேஜ் சரிந்தால் எங்கோ ஷார்ட் மிச்சம் இருக்கிறது. அணைத்துவிட்டு, எந்தப் பாகம் சூடாகியிருக்கிறது என்று விரலை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள இணைப்புகளிலிருந்து லென்ஸ் வேலையை மறுபடி ஆரம்பிக்கலாம். எல்இடி எரிந்துவிட்டதா? சரி, டிப்பின் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி வைத்துவிட்டு அயர்னை அணையுங்கள். அடுத்த தடவை கறுப்பு டிப்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.